கோலின் மாத்திரைகள்: எந்த டப்பாவில் எவ்வளவு கோலின், அதில் மூளைக்கு என்ன பயன்?

மூளைக்கான சத்து மாத்திரை என்று இணையத்தில் தேடினால் கோலின் பல பெயர்களில் வந்து நிற்கும். கோலின் பைடார்ட்ரேட், சிட்டிகோலின், ஆல்ஃபா ஜிபிசி, பாஸ்படிடைல்கோலின், சோயா லெசித்தின். எல்லா டப்பாவிலும் நினைவாற்றல், கவனம், தெளிவு என்ற வார்த்தைகள் இருக்கும். விலை மட்டும் ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்காக வாங்குபவர்களும் உண்டு. மறதி தொடங்கிய அப்பாவுக்காக வாங்குபவர்களும் உண்டு. இந்த இருவருக்கும் பதில் ஒன்றல்ல. அதனால் எது சிறந்தது என்று கேட்பதற்கு முன், இந்தச் சத்து உடலில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

கோலின் செய்யும் வேலை

கோலின் ஒரு சிறிய மூலக்கூறு. பி வைட்டமின்களோடு சேர்த்துப் பேசப்படும் சத்து. கல்லீரல் தானே கொஞ்சம் தயாரித்துக்கொள்கிறது, ஆனால் அது போதாது. மீதி சாப்பாட்டிலிருந்து வரவேண்டும். அமெரிக்க மருத்துவக் கழகம் இதற்கு அன்றாட அளவு நிர்ணயித்தது 1998இல்தான். வைட்டமின் சி, டி போன்றவற்றோடு ஒப்பிட்டால் இது மிகவும் தாமதம். நம்மில் பலர் பள்ளிப் பாடத்தில் இந்தப் பெயரையே படிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூளையோடு இதற்குள்ள தொடர்பு அசிட்டைல்கோலின் வழியாக வருகிறது. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கோ தசைக்கோ செய்தி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருள் அது. அப்படியொரு பொருள் இருக்கிறது என்பதை ஓட்டோ லோவி 1921இல் இரண்டு தவளை இதயங்களை வைத்து நிரூபித்தார். முதல் இதயத்தோடு இணைந்த வேகஸ் நரம்பைத் தூண்டினார்; துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அந்த இதயத்தின் நரம்பை யாரும் தொடவில்லை. ஆனாலும் அதன் துடிப்பும் குறைந்தது. நரம்பு பேசுவது மின்சாரத்தால் மட்டுமல்ல, வேதிப்பொருளாலும்தான் என்பது அன்றைக்குத் தெளிவானது. இதற்காக 1936இல் ஹென்றி டேலோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த அசிட்டைல்கோலினைத் தயாரிக்க உடலுக்குக் கோலின் வேண்டும். கவனம், கற்றல், நினைவு மூன்றிலும் அசிட்டைல்கோலினுக்குப் பங்கு உண்டு. டப்பாவில் அச்சிட்டிருக்கும் வாக்குறுதிகள் எல்லாம் இந்த ஒரு தொடர்பிலிருந்து கிளம்பியவை.

ஆனால் உடலில் உள்ள கோலினில் பெரும்பகுதி இதற்குப் போவதில்லை. உயிரணுக்களின் சுவரைக் கட்டும் பாஸ்படிடைல்கோலினாகவே அது அதிகம் சேமிக்கப்படுகிறது. கல்லீரலிலிருந்து கொழுப்பை வெளியே அனுப்பவும் அதே பொருள்தான் வேண்டும். இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட சார்லஸ் பெஸ்ட், கோலின் கொடுத்தால் ஆய்வக விலங்குகளின் கல்லீரலில் கொழுப்பு சேராது என்று 1930களிலேயே காட்டினார். மனிதர்களிடம் நடந்த சோதனை இன்னும் தெளிவானது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 57 பேருக்குக் கோலின் மிகக் குறைந்த உணவைக் கொடுத்துக் கவனித்தார்கள். ஆண்களில் 77 சதவீதத்தினருக்கும், மாதவிடாய் நின்ற பெண்களில் 80 சதவீதத்தினருக்கும் கல்லீரலிலோ தசையிலோ பாதிப்பு தெரிந்தது. மாதவிடாய் நிற்காத பெண்களில் 44 சதவீதத்தினருக்குத்தான் அப்படி ஆனது. காரணம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்: கல்லீரல் தானே கோலின் தயாரிக்க உதவும் மரபணுவை அது முடுக்கிவிடுகிறது. ஒரே சாப்பாட்டைச் சாப்பிடும் தம்பதியில் ஒருவருக்குக் குறைபாடு வரலாம், மற்றவருக்கு வராமல் போகலாம்.

இந்த 2007 ஆய்வை இங்கே சொல்லக் காரணம் உண்டு. கோலின் குறைந்தவர்களிடம் முதலில் பாதிப்பு தெரிந்தது கல்லீரலிலும் தசையிலும்தான், மறதியாக அல்ல. விளம்பரங்கள் நம் பார்வையை மூளையின் மேலேயே வைத்திருப்பதால் இது கண்ணில் படாமல் போகிறது.

எவ்வளவு வேண்டும், எதில் கிடைக்கும்

அமெரிக்க அளவுப்படி வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 550 மி.கி., பெண்ணுக்கு 425 மி.கி., கர்ப்பிணிக்கு 450 மி.கி., பாலூட்டும் தாய்க்கு 550 மி.கி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2016இல் வளர்ந்தவர்களுக்கு 400 மி.கி. போதும் என்றது, கர்ப்பிணிக்கு 480, பாலூட்டுபவருக்கு 520. இரண்டு அமைப்புகளும் இவ்வளவு தள்ளி நிற்பதைப் பார்த்தாலே, இவை கறாராக அளந்த தேவைகள் அல்ல என்பது புரியும். போதுமானதாக இருக்கும் என்று கணித்த அளவுகள்தான் இவை. அதைவிடக் குறைவாகச் சாப்பிடுபவர்கள் ஏராளம். அவர்கள் எல்லோருக்கும் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது.

சாப்பாட்டில் முட்டையை மிஞ்ச எளிதில் கிடைக்கும் பொருள் இல்லை. ஒரு பெரிய கோழிமுட்டையில் சுமார் 147 மி.கி. கோலின் இருக்கிறது, அதுவும் ஏறக்குறைய முழுக்க மஞ்சள் கருவில். வெள்ளைக் கருவை மட்டும் சாப்பிட்டு மஞ்சளைக் குப்பையில் போடுபவர்கள் கோலினைத்தான் போடுகிறார்கள். நாலு முதல் எட்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 250 மி.கி. போதும் என்பது அமெரிக்கக் கணக்கு. அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடத்தில் பிள்ளையின் தட்டில் வைக்கும் ஒரு முட்டையே பாதித் தேவையைத் தீர்த்துவிடுகிறது. அந்த முட்டையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் புரதம்தான் நினைவுக்கு வருகிறது. கோலினையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

ஈரலில் இன்னும் அதிகம். 85 கிராம் மாட்டு ஈரலில் 350 மி.கி.யைத் தாண்டும். அதே எடைக் கோழிக்கறியில் 70 மி.கி. போல இருக்கும். மீனிலும் கணிசமாக உண்டு. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்குத்தான் கணக்கு கொஞ்சம் இழுக்கும். வறுத்த சோயா பீன்ஸ் அரைக் கோப்பையில் 107 மி.கி. கிடைக்கும், அதற்கு அடுத்தபடி எல்லாமே சிறிய எண்கள். அரைக் கோப்பை வேகவைத்த ராஜ்மாவில் 45, ஒரு டம்ளர் பாலில் 40 சொச்சம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 24. சோறு, இட்லி, காய்கறியிலும் சிறிதளவு உண்டு. இவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் 250, 300 வரை வரலாம். 550ஐத் தொடுவது சிரமம். பாலும் தவிர்ப்பவர்களுக்கு இன்னும் சிரமம். மாத்திரை பற்றி யோசிப்பதில் நியாயமுள்ளவர்கள் முதலில் இவர்கள்தான்.

லேபிளில் உள்ள எண்

இங்கேதான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். கோலின் தனியாக மாத்திரையில் வருவதில்லை. எப்போதும் வேறொரு பொருளோடு ஒட்டிக்கொண்டே வரும். தேங்காயை மட்டையோடு எடை போடுவதைப் போலத்தான் லேபிளில் உள்ள மில்லிகிராம். மட்டை எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்பது ஒவ்வொரு வகைக்கும் மாறும்.

கோலின் பைடார்ட்ரேட்டில் எடையில் 41 சதவீதம் கோலின். ஆல்ஃபா ஜிபிசியிலும் ஏறக்குறைய அவ்வளவே. சிட்டிகோலினில் 21 சதவீதம்தான், பாஸ்படிடைல்கோலினில் 13 சதவீதம் போல. ஆக, 500 மி.கி. என்று எழுதிய நாலு மாத்திரைகளை வரிசையாக வைத்தால் முதல் இரண்டிலும் தலா 200 மி.கி. கோலின், மூன்றாவதில் 105, நாலாவதில் 65 இருக்கும். சோயா லெசித்தினோ இதிலும் பின்தங்கியது. அது பல கொழுப்புகளின் கலவை. அதில் பாஸ்படிடைல்கோலின் ஒரு பகுதி, அந்தப் பகுதியில் கோலின் இன்னும் சிறிய பகுதி. பெரிய 1200 மி.கி. லெசித்தின் காப்ஸ்யூலை விழுங்கினாலும் கிடைப்பது பெரும்பாலும் 30 முதல் 50 மி.கி. ஒரு முட்டையின் கோலினுக்கு இணையாக வேண்டுமென்றால் மூன்று முதல் ஐந்து காப்ஸ்யூல்கள் விழுங்க வேண்டியிருக்கும்.

ஆல்ஃபா ஜிபிசியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும் பொருள். அதனால் பல நிறுவனங்கள் அதைச் சிலிக்கா போன்ற பொருளோடு சரிபாதி கலந்து தூளாக்குகின்றன. ‘ஆல்ஃபா ஜிபிசி 50 சதவீதம், 600 மி.கி.’ என்று இருந்தால் உள்ளே இருப்பது 300 மி.கி. ஆல்ஃபா ஜிபிசி, அதில் கோலின் 120 மி.கி. மட்டுமே. மறுபக்கம், ‘கோலின் 250 மி.கி., பைடார்ட்ரேட்டாக’ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் கழித்துப்போட்ட பின் உள்ள சுத்தக் கணக்கு. இரண்டு டப்பாக்களின் விலையை ஒப்பிடும்போது ஒரு கிராம் கோலினுக்கு என்ன விலை என்று பாருங்கள். அந்தக் கணக்கில் பைடார்ட்ரேட்டை மலிவில் வேறெதுவும் நெருங்காது.

மூளைக்கு உண்மையில் உதவுகிறதா

அப்படியானால் மலிவானதை வாங்கிவிடலாமே? சிட்டிகோலினும் ஆல்ஃபா ஜிபிசியும் விற்பவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: எங்கள் பொருள் மூளைக்குள் நன்றாகப் போகும் என்பது. அதை ஆராயும் முன் ஒரு பழைய கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்தத் துறையின் நம்பிக்கையும் ஏமாற்றமும் அதில்தான் இருக்கின்றன.

1970களில் அல்சைமர் நோயாளிகளின் மூளையைப் பரிசோதித்தவர்கள் அசிட்டைல்கோலின் தயாரிக்கும் நொதி அங்கே வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அதற்குச் சற்று முன்புதான் பார்கின்சன் நோய்க்கு லெவோடோபா என்ற மருந்து பெரும் வெற்றி பெற்றிருந்தது. மூளையில் டோபமின் குறைகிறது, அதன் மூலப்பொருளை வாய்வழி கொடுத்தால் நோயாளி எழுந்து நடக்கிறார். அப்படியானால் அசிட்டைல்கோலின் குறையும் நோய்க்கு அதன் மூலப்பொருளான கோலினைக் கொடுத்தால் என்ன என்று கேட்டார்கள். மிகவும் நியாயமான கேள்வி. லெசித்தினை வைத்துப் பல சோதனைகள் நடந்தன. பின்னாளில், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அவற்றையெல்லாம் திரட்டி ஆராய்ந்தபோது, மறதி நோய்க்கு லெசித்தின் உதவுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றே முடிவு வந்தது.

ஏன் பலிக்கவில்லை? அல்சைமர் நோயில் அசிட்டைல்கோலினைத் தயாரிக்கும் நரம்பணுக்களே அழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் வாசலில் மூலப்பொருளைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் வேலை செய்ய ஆள் இல்லை. ஆரோக்கியமான மூளையில் நிலைமை வேறு. அங்கே நரம்பணு தனக்கு வேண்டிய கோலினை ஒரு தனி வாயில் வழியாக அளந்து இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் கோலின் இரட்டிப்பானால் மூளையில் அசிட்டைல்கோலினும் இரட்டிப்பாகும் என்பதில்லை. இதனால்தான் மருத்துவர்கள் அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் வேறு வழியில் வேலை செய்கிறது: அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, இருக்கும் அசிட்டைல்கோலினைக் கொஞ்சம் அதிக நேரம் நிற்கவைக்கிறது.

பைடார்ட்ரேட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 2 கிராமுக்குக் குறையாமல் ஒரே வேளையில் கொடுத்து நினைவாற்றலைச் சோதித்தார்கள். எந்த மாற்றமும் இல்லை என்று 2016இல் வெளியிட்டார்கள். தேர்வுக்கு முந்தின நாள் பிள்ளைக்குக் கொடுக்க நினைப்பவர்கள் இந்த முடிவை மனதில் வைத்துக்கொள்ளலாம். உணவில் உள்ள கோலின் குறையை நிரப்ப அது நல்ல, மலிவான வழி. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

சிட்டிகோலின் நம் ஊரில் பலருக்கும் தெரிந்த பெயர். பக்கவாதமோ தலைக்காயமோ வந்தவர்களின் மருந்துச் சீட்டில் மாத்திரையாகவும் ஊசியாகவும் அதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அது நெடுங்காலமாக மருந்து. அமெரிக்காவில் சத்து மாத்திரை. விழுங்கியதும் அது கோலினாகவும் சைட்டிடின் என்ற இன்னொரு பொருளாகவும் பிரிகிறது. மனித உடலில் சைட்டிடின் பெரும்பாலும் யூரிடினாக மாறிவிடுகிறது. இரண்டு துண்டுகளும் மூளைக்குள் போய் உயிரணுச் சுவர் கட்ட உதவும் என்பது அதன் பின்னாலுள்ள எண்ணம். ஆனால் பெரிய சோதனைகள் அதைக் கைவிட்டன. 2012இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் பக்கவாதம் வந்த 2298 பேர் சேர்ந்திருந்தார்கள். நாளொன்றுக்கு 2000 மி.கி. சிட்டிகோலின் வாங்கியவர்களுக்கும் வெற்று மருந்து வாங்கியவர்களுக்கும் மீட்சியில் வேறுபாடு இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் தலைக்காயம் பட்ட 1213 பேரிடம் நடந்த ஆய்வும் அதையே சொன்னது.

வயதாகும்போது வரும் சாதாரண மறதியில் நிலைமை சற்று நம்பிக்கை தருகிறது. 2021இல் வெளியான ஆய்வில் அப்படிப்பட்ட 100 முதியவர்கள் 12 வாரம் பங்கேற்றார்கள். நாளுக்கு 500 மி.கி. சிட்டிகோலின் எடுத்தவர்களுக்கு நினைவுச் சோதனையில் முன்னேற்றம் இருந்தது. சிறிய ஆய்வு, குறுகிய காலம், அதுவும் சிட்டிகோலின் தயாரிக்கும் நிறுவனத்தின் ஆதரவோடு நடந்தது. ஒதுக்கிவிட வேண்டியதில்லை; இதை நம்பி வருடக்கணக்கில் பணம் செலவிடுவதும் சரியாகப் படவில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்து வீட்டில் யாராவது சிட்டிகோலின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். அடுத்த முறை போகும்போது அவரிடமே கேளுங்கள்.

ஆல்ஃபா ஜிபிசிக்கு அல்சைமரில் ஓரளவு ஆதாரம் உண்டு. மெக்சிகோவில் 261 நோயாளிகளுக்கு நாளுக்கு 1200 மி.கி. வீதம் 180 நாள் கொடுத்தபோது, வெற்று மருந்து வாங்கியவர்களைவிட அவர்களின் சிந்தனைத் திறன் மதிப்பெண் மேலாக இருந்தது. அது 2003இல் வந்த முடிவு. அதற்கு எதிர்ப்பக்கம் தென்கொரியாவிலிருந்து வந்தது. அங்கே மருத்துவர்கள் இதைப் பரவலாக எழுதிக்கொடுக்கிறார்கள். ஐம்பது வயது தாண்டிய சுமார் 1 கோடியே 20 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை 2021இல் ஆராய்ந்தபோது, ஆல்ஃபா ஜிபிசி எடுத்தவர்களுக்குப் பத்து ஆண்டுகளில் பக்கவாதம் வரும் வாய்ப்பு 46 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. மாத்திரைதான் காரணம் என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மூளை இரத்தக் குழாய்கள் ஏற்கெனவே பழுதடையத் தொடங்கியவர்களுக்குத்தான் மறதி வந்து, அதற்காக அந்த மருந்தே எழுதப்பட்டிருக்கலாம். இருந்தாலும் இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ள ஒருவர் தானாகவே வாங்கிச் சாப்பிட ஏற்ற பொருள் இது என்று எனக்குத் தோன்றவில்லை.

இதயத்தின் பக்கம்

இந்தக் கவலைக்கு இன்னொரு வேரும் உண்டு. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் கோலினைத் தின்று ஒரு வாயுவை வெளியிடுகின்றன; கல்லீரல் அதை டிஎம்ஏஓ என்ற பொருளாக மாற்றுகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்த ஸ்டான்லி ஹேசன் குழு 2011 முதல் இந்தப் பொருளுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து வருகிறது. ஆரோக்கியமான சிலருக்கு நாளுக்கு 450 மி.கி. கோலினைப் பைடார்ட்ரேட் மாத்திரையாக இரண்டு மாதம் கொடுத்தபோது, இரத்தத்தில் டிஎம்ஏஓ பல மடங்கு உயர்ந்தது. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மையும் கூடியது. அதே குழு 2021இல் முட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. தினமும் நான்கு முட்டை சாப்பிட்டவர்களுக்கும் பாஸ்படிடைல்கோலின் காப்ஸ்யூல் எடுத்தவர்களுக்கும் அந்த உயர்வு இல்லை. கோலின் எந்த வடிவத்தில் வயிற்றுக்குள் போகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. மூளைக்காக உணவில் கோலின் வேண்டும் என்பவர்களுக்கு மஞ்சள் கருவை நான் முதலில் சொல்வதற்கு இதுவே காரணம்.

அளவு மீறினால் வரும் தொல்லை எளிதில் தெரியும்: வியர்வையிலும் மூச்சிலும் மீன் வாடை, உமிழ்நீர் பெருக்கு, வயிற்றுக் கோளாறு, இரத்த அழுத்தம் இறங்குவது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 3500 மி.கி. உச்ச வரம்பு.

கர்ப்பிணிகள்

மாத்திரை பற்றிய பேச்சில் அதிகம் பேசப்பட வேண்டியவர்கள் இவர்கள். ஆனால் விளம்பரங்கள் இவர்களைத் தேடி வருவதில்லை. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர கோலின் மிகுதியாகத் தேவைப்படுகிறது; தாயின் கையிருப்பிலிருந்து அது இழுக்கப்படுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கடைசி மூன்று மாதத்தில் இருந்த 26 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 480 மி.கி., மற்றதற்கு 930 மி.கி. கொடுத்தார்கள். அதிகம் பெற்றவர்களின் குழந்தைகள் காட்சித் தகவலுக்கு வேகமாக எதிர்வினை காட்டினார்கள். ஏழு வயதில் அதே பிள்ளைகளைச் சோதித்தபோது கவனத்தை நீடித்து வைத்திருக்கும் திறனிலும் அந்த வேறுபாடு தெரிந்தது. மிகச் சிறிய ஆய்வு. 750 மி.கி. கோலினைப் பாஸ்படிடைல்கோலினாகக் கொடுத்த வேறொரு அமெரிக்க ஆய்வில் ஒரு வயது வரை எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஆனாலும் 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் கர்ப்பகால வைட்டமின் மாத்திரைகளில் கோலின் இருக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது, ஏனெனில் பல மாத்திரைகளில் அது இல்லை, இருந்தாலும் பெயரளவுக்குத்தான். முட்டை சாப்பிடாத கர்ப்பிணி வீட்டில் இருந்தால், இரும்பும் ஃபோலிக் அமிலமும் கேட்கும்போது கோலினையும் சேர்த்து மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். தானாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

மறதி என்றதும் மாத்திரை வாங்கும் முன்

முதியவர்களின் மறதிக்குக் கோலின் தேடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். ஒன்று, வைட்டமின் பி12. சைவம் சாப்பிடுபவர்களிடமும், சர்க்கரை நோய்க்கு நீண்ட காலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களிடமும் இதன் குறை அடிக்கடி காணப்படுகிறது, மறதியும் தடுமாற்றமும் தரும். கூடவே தைராய்டும். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சிகிச்சையும் எளிது. மற்றொன்று, அவர்கள் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள். தூக்கம் வரவைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், சிறுநீர் அடங்காமைக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் போன்றவை அசிட்டைல்கோலினின் வேலையையே தடுப்பவை. ஒரு கையால் அதைத் தடுத்துக்கொண்டு மறு கையால் கோலின் கொடுப்பதில் பயனில்லை. வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் சீட்டில்லாமல் வாங்கியவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு மருத்துவர் முன் வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும் என்றால் என் வரிசை இது: முட்டை சாப்பிடுபவருக்கு மாத்திரை தேவையில்லை, நாளுக்கு ஒன்றிரண்டு முட்டையே போதும். முட்டை வேண்டாதவர் சோயாவைக் கூட்டிப் பார்க்கட்டும். அதுவும் போதவில்லை என்றால் 200, 250 மி.கி. கோலின் தரும் மலிவான பைடார்ட்ரேட்டோ, இதயப் பயம் உள்ளவருக்குக் கொஞ்சம் விலை கூடிய பாஸ்படிடைல்கோலினோ போதும். வயதால் வரும் மறதிக்குச் சிட்டிகோலினை முயல நினைப்பவர் மருத்துவரிடம் சொல்லி 500 மி.கி. வீதம் மூன்று மாதம் எடுத்துப் பார்க்கலாம்; வேறுபாடு தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். ஆல்ஃபா ஜிபிசியை மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் யாரும் தொட வேண்டாம்.